பின்சீட்டுப் பாரம்

பஸ்லான் தன் வெள்ளைச் சட்டையைப் பற்றிக் கவலைப்படாமல் ரோட்டில் குப்புறப் படுத்தான். ரப்பர்க் கிளையொன்றை ஒடித்து, ரோட்டின் குறுக்கே எழும்பியிருந்த சீமெந்து மேட்டின் பக்கத்தில் நட்டு, உச்சி வருமிடத்தில் நகத்தால் கீறினான். பிறகு அதே குச்சியைத் தன் காரின் வயிற்றுக்கடியில் நிறுத்தப் பார்த்தான். கீறலுக்கு வெகு கீழேயே குச்சி இடித்து நின்றது. எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, பக்கத்தில் குடையை ஊன்றி நின்ற முத்துவீரனைப் பார்த்தான்.

"ஐயா, இது ஏலாத வேல. இதுல ஏத்தினா கார் ஆமையப் போல நடுவுல கெடக்கும். காலு நாலும் அந்தரத்துல ஆடும்."

"வாங்கும்போதே இப்படித் தரையோட தரையாத்தான் இருந்திச்சா தம்பி?"

"இல்ல ஐயா. ஸ்பிரிங்க வெட்டி நான்தான் எறக்கின. அதுதான் இப்ப ஸ்டைல். கேகாலை டவுனுக்குள்ள போனா எல்லாம் திரும்பிப் பாக்கும்."

"இங்க திரும்பிப் பார்க்கக் கோழியும் ஆடும்தான் இருக்கு" என்றார் முத்துவீரன்.

சிரிக்காமல் சொன்னார். ரப்பர்த் தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கண்டாக்கையாவாக, தொழிலாளரை மேய்க்கும் மேற்பார்வையாளராக, இருந்தவர் அவர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் நின்று ஒரு நாளும் சிரித்ததில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் முதுகு ஓய்வு பெறவில்லை. சட்டையின் கழுத்துப் பொத்தானைப் பூட்டி, தோளில் துண்டை மடித்துப் போட்டு, பனைமரம்போல நடப்பார். அவருடைய பாட்டனார் பெரிய கங்காணி. தோட்டத்துக்கு மேலே சொந்த நிலம் வாங்கிக் கல்வீடு கட்டியவர். அந்த வீட்டிலிருந்துதான் நாளை மறுநாள் சின்ன மகள் ஷாமிளா கல்யாணப் பெண்ணாகப் புறப்பட வேண்டும்.

எப்படிப் புறப்பட வேண்டும் என்பதில்தான் எல்லாம் இருந்தது. அந்தக் குடும்பத்தில் பெண் வாசலில் வண்டி ஏறினால், இறங்குவது கோயில் வாசலில்தான். இடையில் கால் மண்ணில் படக் கூடாது. பட்டால் போகிற குடி தங்காது என்பார்கள். பாட்டனார் காலத்தில் மாட்டு வண்டி. சக்கரம் சேற்றில் புதைந்தபோது பெண்ணோடு வண்டியைத் தூக்கி வைத்தார்களாம். மூத்தவள் கலைச்செல்விக்கு அந்தப் பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. ஆறு வருஷத்துக்கு முன் ஒரு விடியற்காலையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, இதே ரோட்டில் நடந்து இறங்கி, ரம்புக்கனையில் கொழும்பு ரயிலைப் பிடித்துக்கொண்டாள். ரப்பர்ப்பால் வெட்டப் போன சனமெல்லாம் பார்த்தது. அன்றைக்கு மண்ணில் பதிந்த கால் தடத்தை மழை அழித்துவிட்டது. ஆனால் முத்துவீரனின் கண்ணில் அது இன்னும் கிடந்தது. சின்னவள் காரில் போக வேண்டும். வாசலில் ஏறிப் போக வேண்டும். நடந்து போனவளைப் பார்த்த கண்களெல்லாம் அதையும் பார்க்க வேண்டும்.

கார் மாப்பிள்ளை வீட்டு ஏற்பாடு. மாப்பிள்ளை ஸ்ரீதரன் கேகாலையில் கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருந்தான். பஸ்லான் அவனுடைய கூட்டாளி. கறுப்பு லான்சரில் பெண் வருவாள் என்று மாப்பிள்ளையின் அப்பா ஊரெல்லாம் சொல்லியாயிற்று. உங்கள் கார் எங்கள் ரோட்டில் ஏறாது, வான் வண்டி அனுப்புங்கள் என்று முத்துவீரன் எப்படிச் சொல்வார்? சொன்னால் நாளைக்கு ஷாமிளா அந்த வீட்டில் அடுப்புப் பற்றவைக்கும்போதெல்லாம் அதைக் கேட்க வேண்டி வரும்.

"இத அரச் சாண் செதுக்கிவிட்டா சரி ஐயா. ஒரு மம்பட்டி, ஒரு அலவாங்கு. அர மணித்தியால வேல."

முத்துவீரன் பார்வையை மேட்டைத் தாண்டி ஓட்டினார். மேட்டுக்கு அந்தப் பக்கம், தொழிலாளரின் வரிசை வீடான லயத்தின் கடைசிக் காம்பராவின் படியில் அழகம்மா உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்க்கவில்லை. ஆனால் முறம் நின்றிருந்தது.

புள்ளமேடு என்று அதற்குப் பெயர். பத்து வருஷத்துக்கு முன் ரப்பர்ப்பால் ஏற்ற வந்த லொறி ஒன்று அந்த இடத்தில் அழகம்மாவின் சின்னப் பெண்பிள்ளை மேல் ஏறிவிட்டது. வேகத்தடை போட்டுத் தாருங்கள் என்று லயத்துச் சனங்கள் கேட்டார்கள். நிர்வாகி தொரையின் உத்தரவு இல்லாமல் தோட்ட ரோட்டில் ஒரு கல்லும் வைக்க முடியாது என்று கண்டாக்கையா முத்துவீரன் சொன்னார். அது சட்டம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சனங்களே கல்லும் சீமெந்தும் போட்டுக் கட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு வருஷா வருஷம் அந்தத் திதியில் அழகம்மா ஒரு தாச்சிச் சட்டி சீமெந்து குழைத்து அதன் மேல் பூசினாள். விரலளவு உயரமிருந்த மேடு இப்போது ஒரு சாணைத் தொட்டது. சக்கரத்தில் வருகிற எவரும் அங்கே இறங்கி, நடந்து தாண்டி, மறுபடி ஏறிக்கொள்வார்கள். டிராக்டரில் வரும் சனம் இறங்கும். முச்சக்கர வண்டியில் வரும் கர்ப்பிணியும் இறங்குவாள். முதலில் அடி தட்டாமலிருக்கத்தான் இறங்கினார்கள். பிறகு அது வழக்கமாயிற்று, அதற்கும் பிறகு யாரும் காரணம் கேட்கவில்லை. இறங்காதவர் முத்துவீரன் ஒருவர்தான். மோட்டார் சைக்கிளில், தண்ணீர் ஓடும் கான் ஓரமாக ஒற்றையடி அகலத்தில் வளைத்து ஓட்டிப் போய்விடுவார். சட்டத்துக்குப் புறம்பாகக் கட்டிய ஒன்றுக்கு முன்னால் ஒரு கண்டாக்கையா காலை ஊன்றுவதாவது!

அதைச் செதுக்க வேண்டுமானால் அழகம்மாவிடம் போய்க் கேட்க வேண்டும்.

"செதுக்க வேணாம்" என்றார். "காரை ஒசத்து."

பஸ்லான் தலையைச் சொறிந்தான். அப்புறம் அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "ரப்பர்த் தோட்டத்துல நின்டுக்கிட்டு நான் ஒரு மடையன் ஐயா. தடிச்ச ரப்பர்க் கட்ட கிடைக்குமா?"

தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் அவர் பெயருக்கு இன்னும் மரியாதை இருந்தது. அன்று மாலையே உள்ளங்கை கனத்தில் வெட்டிய ரப்பர்க் கட்டைகள் வந்தன. பிரட்டுக்களத்தில் காரை நிறுத்தி, ஒவ்வொரு மூலையாக ஜாக் வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, ஸ்பிரிங்கின் வளையத்துக்கும் வளையத்துக்கும் இடையில் சவர்க்காரத் தண்ணீர் பூசிக் கட்டைகளைத் திணித்தான் பஸ்லான். வளையம் இனி அமுங்காது, அதனால் கார் தாழாது. கல்யாணம் முடிந்ததும் பிடுங்கி எறிந்துவிட்டால் பழைய ஸ்டைல் வந்துவிடும். டயர்களுக்கும் கல்லுப்போலக் காற்றடித்தான். வேலை முடிந்தபோது கார், சேலையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கப் போகிறவள்போல நின்றது.

பாரம் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார் முத்துவீரன். முன்சீட்டில் தான் உட்காருவதற்குப் பதிலாக ஓர் அரிசி மூட்டை. பின்சீட்டில் பெண்ணுக்கும், பெண்ணின் அத்தை பாக்கியத்துக்கும் பதிலாக இரண்டு. பஸ்லான் ஊர்ந்து மேட்டில் ஏற்றினான். முத்துவீரன் கான் பக்கம் நின்று குனியாமலே பார்த்தார். மேட்டின் முதுகுக்கும் காரின் வயிற்றுக்கும் இடையில் ஒரு விரலளவு வெளிச்சம் தெரிந்தது. அந்த வெளிச்சம் அணையாமலே கார் தாண்டியது.

"ஹரி!" என்று சிங்களத்தில் 'சரி' சொல்லி பஸ்லான் ஹாரனை அடித்தான்.

அழகம்மா படியிலிருந்து எழுந்து வந்திருந்தாள். மெலிந்த பொம்பளை. முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். காரை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, பின்கதவின் கண்ணாடியை உள்ளங்கையால் தொட்டாள்.

"அப்ப நாளன்னைக்கு எறங்காமயே போயிருவீங்களா ஐயா?"

"என் மக எறங்க மாட்டா. அது எங்க வழக்கம்."

"அது சரிங்க. ஒவ்வொருத்தருக்கு ஒரு வழக்கம்" என்றாள் அவள். குரலில் ஏளனமும் இல்லை, மனத்தாங்கலும் இல்லை. ஏதோ வேறொருவரோடு பேசிக்கொண்டிருந்தவள் நடுவில் திரும்பி இவருக்குப் பதில் சொன்னதுபோல இருந்தது.

மேல் வீட்டு முற்றத்தில் காரை நிறுத்தி மூட்டைகளை இறக்கினார்கள். முன்பக்கம் மெல்ல உயர்ந்தது. பின்பக்கம் உயரவில்லை. பஸ்லான் பின்சக்கரத்துக்கு மேல் விரலை வைத்து அளந்து, மறுபக்கம் போய் அளந்து, உதட்டைப் பிதுக்கினான். இடது பக்கம் கொஞ்சம் அதிகமாகவே தாழ்ந்திருந்தது.

"ரப்பர் படிஞ்சிட்டுப்போல ஐயா. புது ரப்பர்தானே."

"ஒரு பக்கம் மட்டுமா படியும்?"

"அதுதான் எனக்கும் வெளங்கல்ல."

கல்யாணத்தன்று காலை பனி கனத்து இறங்கியிருந்தது. கார் முழுக்க வெளியே ஈரம். துணியால் துடைக்கப்போன பஸ்லான் துணியோடு திரும்பி வந்தான். இடது பின்கண்ணாடி மட்டும் உள்ளே இருந்து, யாரோ மூச்சு விட்டதுபோல, மூட்டம் போட்டிருந்தது. கதவைப் பூட்டித்தான் வைத்திருந்தேன், உள்ளே யாரும் படுக்கவில்லையே என்றான். முத்துவீரன் அவன் கையிலிருந்த துணியை வாங்கிக் கதவைத் திறந்து தானே துடைத்தார். உள்ளே காரின் வழக்கமான வாசனை இல்லை. மழையில் நனைந்த தலைமயிர் வாசனை வந்தது. நல்ல நாளில் எதையும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பதால் சொல்லவில்லை.

ஷாமிளா வாசலில் ஏறினாள். சிவப்புப் பட்டு, தலை நிறைய மல்லிகை. பாக்கியம் அத்தை மறுபக்கம் சுற்றிப் போய் இடது கதவைத் திறந்து ஏறினாள். முத்துவீரன் முன்னால் உட்கார்ந்து, சீட்டில் முதுகைச் சாய்க்காமல் நேராகப் பார்த்தார். கார் இறங்கியது. வளைவுகளில் சனங்கள் நின்று பார்த்தார்கள். பால் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். அந்த ஒவ்வொரு பார்வையையும் அவர் வட்டியோடு வாங்கிக்கொண்டார்.

"என்னாடி இது, இவ்வளவு பெரிய சீட்டுல என்னைய இப்படி நெருக்குற?" என்றாள் பாக்கியம் பின்னாலிருந்து.

"நான் எங்க அத்தை நெருக்குறேன்? நான் இந்தக் கதவோட ஒட்டிக்கிட்டில்ல இருக்கேன்."

முத்துவீரன் திரும்பிப் பார்த்தார். இருவரும் ஆளுக்கொரு கதவோடு ஒடுங்கியிருந்தார்கள். நடுவில் ஒரு பிள்ளை தாராளமாக உட்காரும் இடம் காலியாகக் கிடந்தது.

அதற்குள் புள்ளமேடு வந்துவிட்டது. முன்சக்கரங்கள் ஏறி இறங்கின. அடுத்த நொடி காரின் வயிற்றில் கல் உரசும் சத்தம் பல்லைக் கூசவைத்தது. கார் நின்றது. பஸ்லான் மிதித்துப் பார்த்தான். சக்கரம் புகைந்ததே தவிர நகரவில்லை.

"அத்த, நீங்க ஒருக்கா எறங்குங்க. பாரம் கொறையட்டும்."

பாக்கியம் முனகிக்கொண்டே இறங்கினாள். கார் உயரவில்லை. பஸ்லான் இறங்கி முழங்காலில் உட்கார்ந்து பார்த்தான். விரல் நுழைய இடமில்லை. அவன் முத்துவீரனைப் பார்த்தான். முத்துவீரன் கதவைத் திறந்தார். மேட்டின் பக்கத்தில் காலை ஊன்றினார். வாழ்நாளில் முதல் தடவையாக அங்கே ஒரு வண்டியிலிருந்து இறங்கினார். லயத்து வாசல்களில் நின்ற சனம் ஒரு சத்தமும் போடவில்லை. அந்த மௌனம் சிரிப்பைவிடச் சுட்டது.

அவர் இறங்கியும் கார் உயரவில்லை. ஒவ்வொருவர் இறங்கும்போதும் இறங்கியவர் பாரத்தை உள்ளேயிருக்கும் ஏதோ ஒன்று மடியில் வாங்கி வைத்துக்கொள்வதுபோல, அது அப்படியே படுத்துக் கிடந்தது. உள்ளே ஷாமிளா மட்டும் இருந்தாள்.

"அம்மாடி, நடுவுக்கு வந்து உக்காரு. பாரம் சமமா இருக்கட்டும்."

"எப்படிப்பா?" என்றாள் ஷாமிளா. அவள் பயப்படவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. "நீங்கதானே தள்ளி உக்காரச் சொன்னீங்க?"

"நான் எப்ப சொன்னேன்?"

"ஏறும்போது. 'தள்ளி உக்காருங்க'ன்னு சொன்னிச்சே." சொல்லிவிட்டு, தான் சொன்னதையே ஒரு தரம் கேட்டுப் பார்த்ததுபோல நிறுத்தினாள். அவளுடைய அப்பா அவளை ஒரு நாளும் 'உக்காருங்க' என்று சொன்னதில்லை. அவள் கை மட்டும் பட்டுச் சேலையின் கொசுவத்தை மெல்லத் தன் பக்கம் இழுத்து, இடத்தை இன்னும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது.

நல்ல நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பாக்கியம் அழத் தொடங்கிவிட்டாள். "அவளை எறக்கி அந்தப் பக்கம் ஏத்துண்ணே. நாலு எட்டுத்தானே. இந்த ரோட்டுல யாரு எறங்கல?"

"அவ கால் இங்க படாது."

"அப்ப சாயங்காலம் வரைக்கும் இங்கயே வச்சிருக்கப் போறியா?"

முத்துவீரன் திரும்பினார். லயத்து ஆண்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எல்லாரும் அவருக்குக் கீழே வேலை செய்தவர்கள். "வந்து ஒரு கை குடுங்கப்பா. தூக்கித் தாண்டி வச்சிருவோம்" என்றார். கட்டளைபோலத்தான் சொல்ல நினைத்தார். வாயிலிருந்து வந்தது வேறு மாதிரி இருந்தது. யாரும் அசையவில்லை. எல்லாரும் கடைசிக் காம்பராவின் படியைப் பார்த்தார்கள்.

அழகம்மா வந்தாள். காரின் இடது பக்கம் போய்க் கண்ணாடிக்குள் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். முகம் இளகியது.

"மூட்டை கொண்டாந்த அன்னைக்கே ஏறிட்டா" என்றாள். "நேத்து சாயங்காலம் மேல வந்து கூப்பிட்டேன். வரல. எல்லாரும் எறங்கி எறங்கிப் போறாங்க, இது ஒண்ணுதானேங்க எறங்காமப் போச்சி. அதுல ஏறிட்டா."

"அழகம்மா, நேரம் போகுது. எறங்கச் சொல்லு." தான் என்ன சொல்கிறோம், யாரை இறங்கச் சொல்கிறோம் என்பது அந்த வார்த்தை வெளியே வந்த பிறகுதான் முத்துவீரனுக்கு உறைத்தது. 

"எனக்கு மனசு வரலீங்க ஐயா. வண்டிக்கு அடியில போன புள்ள. ஒரு தரம் வண்டிக்குள்ள போகட்டுமே."

ரப்பர் மரங்களில் கட்டியிருந்த சிரட்டைகளில் பால் சொட்டும் சத்தம்கூடக் கேட்கும்போல இருந்தது.

"பொழுது சாயிறதுக்குள்ள கொண்டாந்து விட்ருவீங்களா?"

"விடுறேன்."

"வெளியூரு அது. அவளுக்கு வழி தெரியாதுங்க."

"முத்துவீரன் சொல்றேன். விடுறேன்."

அவள் ஆண்களைப் பார்த்துத் தலையை அசைத்தாள். அவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். பஸ்லான் பிஸ்மி சொல்லி ஸ்டியரிங்கைப் பிடித்தான். பின்பக்கம் ஓர் ஆள் குறைந்தது. அந்த இடத்தில் முத்துவீரன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்தார். கண்டாக்கையா குனிந்ததைப் பார்த்து ஒருவன் "ஐயா, நீங்க வேணாங்க" என்றான். அவர் கேட்கவில்லை. தகரத்தின் அடியில் விரல்களை நுழைத்தார்.

"ஹரி, தூக்கு!"

கார் எழுந்தது. அப்போது அவர் உள்ளங்கையில் அது தெரிந்தது. தட், தட், தட். இயந்திரத்தின் நடுக்கம் இல்லை, எஞ்சின் நின்றிருந்தது. சீட்டில் உட்கார்ந்து கால் எட்டாமல் தொங்கும் பிள்ளை, சந்தோஷத்தில் குதிகாலால் சீட்டை உதைப்பதுபோல, நிதானமாக, விட்டு விட்டு. பக்கத்தில் தூக்கியவனைப் பார்த்தார். அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். கண்ணோரம் ஈரமாக இருந்தது.

கார் தாண்டியது. ஷாமிளாவின் கால் மண்ணில் படவில்லை.

கோயிலில் எல்லாம் குறையில்லாமல் நடந்தது. மேளம் சத்தமாக ஒலித்தது. தாலி ஏறும்போது முத்துவீரன் அட்சதை போட்டார். மாப்பிள்ளை வீட்டார் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஆனால் அவர் மனம் வெளியே நின்ற காரில் இருந்தது. ஷாமிளா கோயில் வாசலில் இறங்கியபோது, கதவைச் சாத்தாமல் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றதை அவர் பார்த்தார். பிறகு மெதுவாகச் சாத்திவிட்டாள்.

பந்தியில் பஸ்லான் அவரைத் தேடி வந்தான். சாப்பிட்டிருக்கவில்லை.

"ஐயா, ரப்பர் எல்லாம் சரியா ஈக்கி. நான் நல்லாப் பாத்த. அந்தப் பக்கம் இன்னும் ஒசரல்ல." குரலைத் தாழ்த்தினான். "இந்தக் கார்லதான் பொண்ணு மாப்பிள்ள ரெண்டு பேரையும் வத்தளைக்குக் கொண்டு போகோணும். அங்க ஸ்ரீதரன்ட பெரியம்மா வீடு. நான் இனி நாலு நாளைக்கு இங்கால வர மாட்டன்."

பொழுது சாய இன்னும் நேரமிருந்தது. ஆனால் அதிகம் இல்லை. சாப்பாடு முடிந்ததும் பெண்ணை அழைத்துப் போக நேரம் குறித்திருந்தார்கள். முத்துவீரன் எழுந்து போய் மாப்பிள்ளையின் அப்பாவின் முன்னால் நின்றார். வீட்டில் ஒரு காரியம் விட்டுப்போயிற்று, காரைக் கொஞ்சம் கொடுக்க வேண்டும், போய்விட்டு உடனே வருகிறேன் என்றார். வேறு வண்டியில் போகலாமே என்றார் அவர். இல்லை, இதில்தான் போக வேண்டும் என்றார் முத்துவீரன். காரணம் கேட்டபோது சொல்லவில்லை. என்னவென்று சொல்வது?

சம்பந்தி சிரித்தார். சுற்றி இருந்தவர்களுக்குக் கேட்கும்படி சொன்னார்: "பொண்ண ஏத்திக்கிட்டுப் போக வந்த கார்ல பொண்ணோட அப்பாவுக்கு ஒரு சவாரி போகணும்னு ஆசை வந்திருச்சி. போய்ட்டு வரட்டும், போய்ட்டு வரட்டும். எங்க ஊர்ல இதெல்லாம் சாதாரணம்."

மண்டபம் சிரித்தது. வேறொரு நாளாக இருந்தால் அந்தச் சிரிப்புக்கு முத்துவீரன் இலையை மூடிவிட்டு எழுந்து போயிருப்பார். இப்போது தலையை மட்டும் அசைத்துவிட்டு வெளியே வந்தார். சொன்ன வார்த்தை ஒருத்தியின் முறத்துக்குப் பக்கத்தில் காத்துக்கொண்டிருந்தது. அவள் லயத்துக்காரி என்பதால் அந்த வார்த்தைக்கு எடை குறைந்துவிடாது.

முன்கதவைத் திறந்து வைத்திருந்தான் பஸ்லான். முத்துவீரன் பின்னால் ஏறினார். வலது கதவோடு ஒடுங்கி உட்கார்ந்தார். வழி முழுக்க அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சீட்டில் வைத்திருந்த அவருடைய கைக்குக் கீழே அந்த உதை இருந்துகொண்டே வந்தது. கடைவீதியில் பலூன் கட்டியிருந்த இடத்தில் வேகமாக. ரப்பர்க் காட்டு நிழலுக்குள் மெதுவாக. தோட்டத்து வளைவில் கார் திரும்பி, தூரத்தில் லயம் தெரிந்ததும், நின்றுவிட்டது.

மேட்டுக்குக் கொஞ்சம் இப்பால் பஸ்லான் நிறுத்தினான். சூரியன் மரங்களுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. அழகம்மா மேட்டுக்கு அப்பால் நின்றாள். கிட்டே வரவில்லை.

முத்துவீரன் இறங்கிச் சுற்றி வந்து இடது கதவைத் திறந்தார். காலி சீட்டில் ஒரு மல்லிகைச் சரம் உதிர்ந்து கிடந்தது. கார் உயரவில்லை. அவர் தொண்டையைக் கனைத்தார்.

"எறங்கும்மா. வீடு வந்திருச்சி."

ஒன்றும் நடக்கவில்லை. பஸ்லான் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னாலேயே பார்த்திருந்தான். அவன் உதடுகள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தன.

"பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க ஐயா" என்றாள் அழகம்மா.

முத்துவீரன் காலிச் சீட்டைப் பார்த்தார். அந்தப் பிள்ளையைப் பிரட்டுக்களத்தில் பார்த்திருக்கிறார். தாய்க்குத் தேத்தண்ணி வாளி கொண்டுபோவாள். 'ஏ புள்ள, ஓரமாப் போ' என்று அதட்டியிருக்கிறார். கோபத்தில் அல்ல, வழக்கத்தில். அவளுடைய குட்டை உயரம் தெரியும், மூக்குத் துளையில் செருகியிருந்த துரும்பு தெரியும். பெயர் தெரியாது. தெரியாது என்று ஒரு கண்டாக்கையா சொல்ல எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரமும் அழகம்மா பொறுத்திருந்தாள்.

"தெரியாதும்மா" என்றார்.

"ரேணுகா."

அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். குனிந்தார். கதவுக்குள் தலையை நுழைக்கும் அளவுக்குக் குனிந்து, கையை நீட்டினார்.

"ரேணுகா. வா தாயி."

மேட்டில் அவர் நடந்து வருவதை லயத்து வாசல்களில் நின்ற எல்லாரும் பார்த்தார்கள். நெட்டையான ஆள். வலது கையில் துண்டு. இடது கை உடம்பிலிருந்து கொஞ்சம் விலகி, விரல்கள் பாதி மூடி, தொங்கிக்கொண்டிருந்தது. முதுகு அந்தப் பக்கமாகவே சாய்ந்திருந்தது. எட்டு வைப்பது மிகவும் சின்னதாக இருந்தது. உச்சியில் ஒரு கணம் நின்று, யாருக்காகவோ காத்திருந்துவிட்டு, மறுபடி நடந்தார். அழகம்மா காம்பராவின் படியில் ஏறி, கதவை முழுதாகத் திறந்து, அவர்கள் உள்ளே வருவதற்காக ஓரமாக ஒதுங்கி நின்றாள்.